நாலு கம்பிக்காரர்

லண்டன்ல ஒருத்தர் ஆசைக்கு பாஸ் கிடார் வாசிக்கிறார்னா, சனிக்கிழமை ராத்திரி பக்கத்துத் தெரு பப்புல அவருக்கு ஒரு மூலை கிடைச்சுடும். பெங்களூர்லயும் தேடினா கிடைக்கும். பெருந்துறையில? 2003லிருந்து தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. அந்த பார்ல சுண்டல் கிடைக்கும், மேடை கிடைக்காது :-) அதனால நம்ம ஊர் பாஸ் கிடார்காரருக்கு பப்புன்னா அது மாரியம்மன் நோம்பி, கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து... அவ்வளவுதான்.

பெருந்துறைப் பக்கம் அப்படி ஒருத்தர் இருக்கார். பேர் வேண்டாம். சிப்காட்டுல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை. வீட்டு பீரோ மேல செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு பாஸ் கிடார். மாசத்துல ரெண்டு மூணு நாள், பங்குனி சித்திரைன்னா இன்னும் கொஞ்சம் அதிகமா, ஷிப்ட்டை மாத்திக்கிட்டு ஒரு மெல்லிசைக் குழுவோட வேன்ல ஏறிடுவார். சென்னிமலை, விஜயமங்கலம், காஞ்சிக்கோயில், ஊத்துக்குளின்னு சுத்துவட்டாரம்தான். கிடைக்கிற காசு ஒரு நாள் கூலிக்குக் கொஞ்சம் மேலே. மறுநாள் தூக்கம் போறதைக் கணக்குல சேர்த்தா அதுவும் இல்லை.

மேடையில அவர் இடம் டிரம்ஸுக்குப் பக்கத்துல, பின்னாடி. லைட்டெல்லாம் பாடுறவங்க மேல. எப்பவாவது யாராவது கிட்ட வந்து கேட்கிறது ஒரே கேள்விதான்:

"ஏனுங்ணா, இதுல ரெண்டு கம்பி அறுந்து போச்சுங்களா?"

"இல்லீங் கண்ணு, இதுக்கு நாலுதான்."

அந்த நாலு கம்பிக்கு ஒரு கதை இருக்கு. அதுவரைக்கும் அடித்தள ஸ்வரத்துக்கு ஆள் உயரத்துக்கு நிக்கிற டபுள் பாஸைத்தான் தூக்கிட்டுப் போகணும். 1951ல அமெரிக்காவுல லியோ ஃபெண்டர் அதைத் தோள்ல மாட்டுற மாதிரி மின்சார பாஸ் கிடாரா விற்பனைக்குக் கொண்டு வந்தார். சாதா கிடாரோட தடிமனான நாலு கம்பியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினா பாஸ் கிடார். அதோட அடிக் கம்பி நொடிக்கு 41 தடவைதான் அதிரும். காதை விட நெஞ்சுலதான் முதல்ல தெரியும்.

வேலை என்னன்னா, மத்தவங்க வாசிக்கிறதுக்கு அர்த்தம் சொல்றது. கீபோர்டுல ஸி மேஜர் கார்டு பிடிக்கிறாங்க. கீழே பாஸ் 'ஸி' வாசிச்சா அது ஸி மேஜர். அதே நேரம் பாஸ் 'ஏ' வாசிச்சா அது ஏ மைனர் ஏழாயிடும். கீபோர்டுக்காரர் விரலை அசைக்கவே இல்லை, ஆனா சந்தோஷமா இருந்த இடம் சோகமாயிடும். நம்ம சினிமாவுல இதை முழுசா உபயோகிச்சவர் இளையராஜா. 1980ல வந்த மூடுபனி படத்துல கிடாரோட ஆரம்பிக்கிற அந்தப் பாட்டை ஹெட்போன்ல கேட்டுப் பாருங்க, பாஸ் தனியா இன்னொரு பாட்டு பாடிட்டு இருக்கும். அவர் குழுவுல பாஸ் வாசிச்ச சசிதரனையும், ஏ.ஆர்.ரகுமான் பாட்டுகள்ல வாசிச்ச கீத் பீட்டர்ஸையும் இசை கேட்கிறவங்களுக்குத் தெரியும். பாட்டு கேட்கிறவங்களுக்குத் தெரியாது! 1976ல அன்னக்கிளி வர்றதுக்கு முன்னாடி இளையராஜாவே அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவோட ஊர் ஊரா இதே மாதிரி மேடையில வாசிச்சவர்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். போன வருஷம் ஒரு நோம்பிக்குப் பேச்சுவார்த்தை. கமிட்டிக்காரர் லிஸ்டைப் பார்த்துட்டு, "கிடாரு ரெண்டு எதுக்குங்க? ஒண்ணு போதாதுங்களா?"ன்னார். குழு நடத்துறவருக்கும் அது சரின்னு பட்டுது. பாடகியை எடுக்க முடியாது, தபேலாவை எடுக்க முடியாது. பாஸை மட்டும் கீபோர்டுக்காரர் இடது கையில வாசிச்சுடுவார். ராத்திரி போன் வந்துச்சு: "தம்பி, இந்தத் தடவை கீபோர்டே பாத்துக்கட்டும். ஒண்ணும் நெனச்சுக்காதே."

காமர்ஸ் படிக்கிற பசங்களுக்கு இது புரியும். செலவைக் குறைக்கணும்னா, எதை எடுத்தா வாடிக்கையாளருக்குத் தெரியாதோ அதைத்தான் முதல்ல எடுப்பாங்க. இவர் விஷயத்துல அது ரொம்ப நியாயமாவும் இருக்கு. ஏன்னா நோம்பிக்கு வேப்பமரத்துலயும் லைட் கம்பத்துலயும் கட்டுற குழாய் ஸ்பீக்கரால அந்த அடி ஸ்வரங்களை வெளியே கொண்டு வரவே முடியாது. மேடை பக்கத்துல இருக்கிற பெரிய பாக்ஸ்லதான் வரும். அதாவது ஊர்ல முக்கால்வாசிப் பேர் அவரை ஒரு நாளும் கேட்டதே இல்லை. போதாததுக்கு நேரப் பிரச்சினை வேற. 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, வருஷத்துல சில நாளைக்கு மட்டும் அரசு 12 வரைக்கும் விடலாம். பூஜை முடிய லேட்டானா முதல்ல வெட்டுப்படுறது மெலடிதான். பாஸுக்கு வேலை இருக்கிறதும் அதுலதான்.

ஆனா அந்த நோம்பியில இன்னொண்ணும் நடந்துச்சு. ஜனங்க யாரும் எதையும் கவனிக்கலை, விசில் வழக்கம் போல. டிரம்ஸ்காரர்தான் இறங்கி வந்ததும், "கால் வைக்கிற இடத்துல தரை இல்லாத மாதிரி இருந்துச்சுங்ணா"ன்னார். பாடகியும் ரெண்டு இடத்துல சுருதி தேடினதா ஒத்துக்கிட்டாங்க. ஆக, கேட்கிறவங்களுக்கு நஷ்டம் தெரியலை, வாசிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுது. அந்த நஷ்டத்தை எந்த லெட்ஜர்ல எழுதுறது?

கடைசியில ஒரு ஏற்பாடு. பெரிய பாக்ஸ் வைக்கிற ரிசப்ஷன்னா அவர் உண்டு, குழாய் மட்டும் கட்டுற நோம்பின்னா கீபோர்டு. "கேக்காத எடத்துல வாசிச்சு என்ன பண்றதுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார். ஆனா ஷிப்ட் முடிஞ்சு வந்து, ஆம்ப் போடாம, வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் கிடாரோட கட்டையை நெஞ்சுல சாய்ச்சு வாசிக்கிறார். அது அவருக்கு மட்டும்தான் கேட்கும்.

அடுத்த தடவை ரிசப்ஷன்ல பாட்டுக் கச்சேரி நடந்தா, சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாம ரெண்டு பாட்டுக்கு பாக்ஸ் பக்கத்துல போய் நில்லுங்க. பாடுறவங்களை விட்டுட்டு, கீழே என்ன ஓடுதுன்னு கேளுங்க. பிடிச்சிருந்தா, இறங்கும்போது பின்வரிசையில கேபிள் சுருட்டிட்டு இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கம்பி ரெண்டு எங்கேன்னு மட்டும் கேட்டுடாதீங்க!