அதற்குள் முடித்திருப்பேன்

இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தமிழுக்குக் காலம் மூன்று. தொல்காப்பியர் வகுத்தது அது. ஆங்கிலத்திலோ காலம் பன்னிரண்டு என்று இடைநிலைப்பள்ளியில் அட்டவணை போட்டுக் காட்டினார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து சென்ற எங்களுக்கு அந்த அட்டவணையே மலைப்பாக இருந்தது. அதிலும் 'ஃபியூச்சர் பெர்ஃபெக்ட்' எனும் எதிர்கால நிறைவு எங்களை மிகவும் மிரட்டியது. எதிர்காலம் என்றால் இனி வருவது. நிறைவு என்றால் முடிந்துவிட்டது. இனி வரப்போவது எப்படி முடிந்திருக்க முடியும்?

இதற்கு விடை எங்கள் லயத்து வீடுகளிலேயே இருந்தது. நெகிரி செம்பிலான், பகாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், பெரட்டு முடிந்ததும் இருட்டோடு வெட்டத் தொடங்கிவிடுவார்கள். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி நிறுவைக்குக் கொண்டு செல்ல வேண்டும். "லோரி வர்றதுக்குள்ள பால் எடுத்திருப்பேன்" என்பார் அம்மா. லோரி இன்னும் வரவில்லை. பாலும் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் லோரி வந்து நிற்கும் வேளையில் வேலை முடிந்திருக்கும். எதிர்கால நிறைவு என்பது இதுதான்.

தமிழில் 'எடுத்து' என்ற வினையெச்சத்தோடு 'இருப்பேன்' சேர்கிறது. ஆங்கிலத்தில் 'வில் ஹேவ்' என்பதோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்கிறது. 'கோ, வென்ட், கோன்' என மனனம் செய்கிறோமே, அதில் கடைசியாக வரும் 'கோன்'தான் அது. 'ஐ வில் ஹேவ் கோன்' என்றால் 'நான் போயிருப்பேன்'. எழுவாய் 'ஷி' ஆனாலும் 'தே' ஆனாலும் 'வில் ஹேவ்' மாறாது. விகுதி மாறுகின்ற தமிழைவிட இந்த இடத்தில் ஆங்கிலம் எளிது!

நம்முடைய 'உள்' என்பதற்கு அங்கே 'பை'. பத்து மணிக்குள் என்றால் 'பை டென்'. லோரி வருவதற்குள் என்றால் 'பை த டைம் த லோரி கம்ஸ்'. இங்கே 'வில் கம்' என்று எழுதக்கூடாது. 'வில்' முதன்மை வாக்கியத்தில் மட்டுமே வரும்.

கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. "இந்நேரம் அம்மா வெட்டியிருப்பார்" என்றால் ஊகம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'மஸ்ட் ஹேவ்'. "மழை பெய்யாமல் இருந்திருந்தால் வெட்டியிருப்பார்" என்றால் நடவாமல் போனது. அது 'வுட் ஹேவ்'. தமிழில் ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்தப் பொருள் என்று முதலில் நாம் முடிவு செய்தாக வேண்டும்.

தோட்டப்புறத்தில் நான் அதிகம் கேட்டது அந்த மூன்றாவது பொருளைத்தான். "வசதி இருந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்" என்று சொல்லாத அம்மாக்கள் எங்கள் லயத்தில் குறைவு. "இன்னும் நான்கு ஆண்டுகளில் நானும் படித்து முடித்திருப்பேன்" என்று அவர்கள் பிள்ளைகள் இன்று சொல்கிறார்கள். சொல் ஒன்றுதான். முன்னது 'வுட் ஹேவ்', பின்னது 'வில் ஹேவ்'. ஒரு தலைமுறையின் உழைப்பு இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

1999 முதல் நடத்தப்படும் மூவெட் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே! 'பெர்ஃபெக்ட்' என்பதற்கு இங்கே 'குறையற்றது' என்று பொருளில்லை, 'முடிவுற்றது' என்பதே பொருள். வாய்பாட்டைப் பார்த்து அஞ்ச வேண்டாம். வீட்டில் பேசும் தமிழில் முதலில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். தாய்மொழி தெரிந்திருப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.