ஊரூர் குப்பத்துச் செவலைச் சேவல்

பெசன்ட் நகரிலிருந்து உடைந்த பாலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது ஊரூர் குப்பம். அங்கே வலை காயும் ஒரு சந்தில் காஸ் சிலிண்டர்கூட முனையிலேயே இறங்கிவிடுகிறது. காரணம், உள்ளே இருக்கும் செவலைச் சேவல். உயர்ந்த கால், நிமிர்ந்த கழுத்து. பெருவிடை ரத்தம் கொஞ்சம் கலந்திருப்பது பார்த்தாலே தெரிகிறது.

வீட்டுக்கார அம்மா முன்னால் நடந்தபடி சொன்னார்: “ஓடாதீங்க சார், ஓடினா தொரத்தும். காலையும் ஓங்காதீங்க. அப்படியே நில்லுங்க.”

நின்றேன். ஒரு பக்கச் சிறகைத் தரையில் உரசவிட்டுப் பக்கவாட்டில் அரைவட்டம் அடித்தது. கழுத்து மயிர் குடையாக விரிந்தது. பாய்வதற்கு முன் அது தரும் எச்சரிக்கை அவ்வளவுதான். அம்மா என் காலடியில் ஒரு பிடி நொய்யை வீசினார். சேவல் தின்னவில்லை. ஒன்றைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்து, ‘கொக் கொக்’ என்று பெட்டைகளைக் கூப்பிட்டது. அவை ஓடிவந்து என் செருப்பைச் சுற்றிப் பொறுக்கின. பெட்டைகள் பயப்படாத ஆளிடம் அதற்கும் வழக்கு இல்லை போலும், மயிர் படிந்துவிட்டது.

குஞ்சாக இருந்தவரை மடியில் ஏறிய பிராணிதானாம். ஐந்தாறு மாதத்தில் பருவம் வந்ததும் மாறிவிட்டது. முதலில் துடைப்பத்தால் அடித்திருக்கிறார்கள். அடிக்க அடிக்க ஆங்காரம் கூடியது. கோழிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்று கொத்தல் வரிசை உண்டென்பதை நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எப்பே 1921-லேயே எழுதிவிட்டார். அடிக்கிற மனிதரையும் சேவல் போட்டிக்கு வந்த இன்னொரு சேவலாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்று தோற்றாலும் நாளைக்கு வரும்.

கடலுக்குப் போகும் கணவர் கண்ட வழி வேறு. இருட்டிய பிறகு கூண்டிலிருந்து எடுப்பார். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, அதிகம் திமிறாது. சிறகை அணைத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு சந்தில் நடப்பார். திமிறும்போது இறக்கிவிட்டால் அது ஜெயித்த கணக்கு. உடம்பு தளர்ந்த பிறகுதான் இறக்க வேண்டும். இப்போது வீட்டாரிடம் பாய்வதில்லை. சிலிண்டர்காரரோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சேவல்கட்டுக்கு விலை கேட்டும் ஆள் வந்ததாம். பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அம்மா சட்டமெல்லாம் பேசவில்லை. “வளத்த புள்ள காலுல எவனாவது கத்தி கட்டுவானா?” என்றார்.

சேவல் வளர்ப்பவர்கள், அதன் கால்முள் கிழித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சின்னக் குழந்தைகளை மட்டும் எந்தச் சேவல் பக்கத்திலும் தனியே விடாதீர்கள். அது பாயும் உயரத்தில்தான் அவர்கள் கண் இருக்கிறது.