சேரம்பாடியில் ஒரு துண்டு நிலம்: வியூ பார்க்கும் முன் பட்டாவைப் பாருங்க!

"டீ எஸ்டேட் வியூ, வாசலிலேயே பனிமூட்டம், கார் போகும் ரோடு... விட்டால் கிடைக்காது!" இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் போனிலும் ஓடியிருக்கும். பின்னணியில் ஒரு மெலடி, ட்ரோன் கேமராவில் பச்சைப் பசேல் மலை, கடைசியில் ஒரு போன் நம்பர். அந்த வீடியோ காட்டாத ஒரே விஷயம், அந்த நிலத்தின் காகிதம்தான்.

நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கேரளாவின் வயநாட்டை ஒட்டியிருக்கும் சேரம்பாடியில் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 'ரிட்டயர்டு லைஃபுக்கு மலையில் ஒரு சின்ன வீடு' என்று கனவு காண்பவர்களும், சும்மா இரண்டு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஊட்டி இல்லை, இது வேற நீலகிரி!

ஊட்டியிலிருந்து கூடலூர் சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர் வழியாக சேரம்பாடி. (நீலகிரிக்குள் வெளியூர் வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.) கூடலூரைத் தாண்டியதுமே காற்று மாறிவிடும். ஊட்டியின் எலும்பைத் தொடும் குளிர் இல்லை. தைல மரங்களும் குறைவு. தேயிலைக்கு நடுவே காபி, மிளகுக் கொடி, பாக்கு, நேந்திரன் வாழை என்று பாதி வயநாடு போலவே இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. இது உண்மையிலேயே வயநாடாக இருந்த பகுதிதான். நம்பலக்கோடு, முனநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்கள் (அன்றைய வருவாய்ப் பிரிவுகள்) 1877-ல்தான் மலபார் மாவட்டத்திலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டன. இன்றைக்கும் சேரம்பாடி இருப்பது சேரங்கோடு ஊராட்சியில்தான். கடைவீதியில் ஒருவர் தமிழில் விலை கேட்டால், இன்னொருவர் மலையாளத்தில் பேரம் பேசுவார். சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளா. துணி எடுக்க, டாக்டரைப் பார்க்க சுல்தான் பத்தேரிக்குப் போய்வருவது இங்கே சாதாரணம்.

வெளியூர்க்காரர் யாராவது பையும் கையுமாக பஸ்ஸை விட்டு இறங்கினால், டீக்கடையில் வரும் முதல் கேள்வி, "எடம் பார்க்க வந்தீங்களா தம்பி?" என்பதாகத்தான் இருக்கும். கேள்வியில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கும், கொஞ்சம் எச்சரிக்கையும் இருக்கும்.

யாருடைய மண் இது?

பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடிகளும், வயநாடன் செட்டிகளும் காலங்காலமாக வாழும் மண் இது. ஆனால், காகிதத்தில் இதன் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம் நிலம். மலபார் வழக்கப்படி நிலத்தின் முழு உரிமையாளர் ஜென்மி. மற்றவர்கள் எல்லோரும் அவரிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள்தான். வெள்ளைக்காரர்கள் எஸ்டேட் போட்டதும் இப்படிக் குத்தகைக்கு எடுத்துத்தான்.

1880-ஐ ஒட்டிய வருடங்களில் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறது என்று ஒரு காய்ச்சலே கிளம்பியது. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன. சில வருடங்களில் எல்லாம் புஸ்ஸாகி, முதலீடு செய்தவர்களின் பணம் போனது. இந்த மலையில் நிலத்தை நேரில் பார்க்காமல், காகிதத்தை நம்பிப் பணம் போட்டு ஏமாந்த முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்!

பிறகு, இரண்டாம் உலகப்போர் காலத்து 'அதிக உணவு உற்பத்தி' இயக்கத்தின்போதும் அதற்குப் பின்பும் திருவிதாங்கூர் பக்கமிருந்து விவசாயிகள் வந்தார்கள். காட்டைத் திருத்தி மிளகும் வாழையும் போட்டார்கள். அவர்களில் பலரிடம் இருந்தது, எஸ்டேட்காரரிடமோ இன்னொரு குடியானவரிடமோ வாங்கிய ஒரு ஒப்பந்தத் தாள் மட்டுமே.

இந்தியாவையே பேசவைத்த இரண்டு வழக்குகள்

ஜென்மி முறையை ஒழிக்க, 1969-ல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்கள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஏறக்குறைய 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1974 நவம்பரில். நிலத்தை உழுதவர்கள், தகுதியை நிரூபித்தால் பட்டா வாங்கலாம் என்று ஒரு வழி திறந்தது. ஆனால், எஸ்டேட் குத்தகையில் இருந்த நிலத்துக்குத் தனி ஏற்பாடு. அதுதான் இந்தப் பக்கம் குழந்தைகூடச் சொல்லும் 'பிரிவு 17'.

எளிமையாகச் சொன்னால், பிரிவு 17 நிலத்தில் ஜென்மியின் இடத்துக்கு அரசு வந்துவிட்டது. குத்தகைக்காரர் தோட்டத்தை நடத்தலாம். பொதுநலன் கருதி அந்தக் குத்தகையை அரசு முடிக்கவும் செய்யலாம். அந்த நிலத்தில் ஒரு துண்டை உங்களுக்கு விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், தன்னிடம் இல்லாத உரிமையை எப்படி விற்பார்?

இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1972-ல், காட்டு நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதி மட்டும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1974-ல் சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் வைத்துவிட்டால் நீதிமன்றம் தொடவே முடியாதா என்ற கேள்வி கிளம்பியது. 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, '1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகிறதா என்று சோதிக்கலாம்' என்றது. சட்டக் கல்லூரி மாணவர்கள் படிக்கும் ஐ.ஆர்.கொயலோ வழக்கு இதுதான்.

இன்னொன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த அவர், கூடலூர் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, இந்தியா முழுக்க 'காடு' என்ற சொல்லுக்கே அர்த்தத்தை மாற்றியது. நிலம் யார் பெயரில் இருந்தாலும், அகராதி சொல்கிற பொருளில் அது காடாக இருந்தால், வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றானது. இரண்டு தேசிய வழக்குகளுக்கும் ஊற்றுக்கண், நாம் செல்ஃபி எடுக்கும் இந்த மலைதான்.

தீர்ப்புகள் டெல்லியில் வந்தன. அதன் எதிரொலி இங்கே வீட்டுக்குள் கேட்கிறது. தகராறில் இருக்கும் நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு மின் இணைப்பு கிடைப்பது பல வருடப் போராட்டம். பக்கத்து வரிசையில் டி.வி ஓடும். இந்த வரிசையில் பிள்ளை விளக்கு வெளிச்சத்தில் படிக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர்கூட இருக்காது, ஒரு சர்வே கோடுதான் இருக்கும்.

ஐம்பது வருட வாழ்க்கை, சொந்த வீடு எங்கே?

சேரம்பாடியின் இன்னொரு பாதி, கடல் தாண்டி வந்தது. 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976 முதல் டேன்டீ என்ற அரசு நிறுவனமாக இயங்குகிறது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், தேவாலா, பந்தலூர் என்று இந்தப் பக்கம் முழுக்க டேன்டீ தோட்டங்கள்.

அவர்கள் குடியேறியது தோட்டத்து லயன் வீடுகளில். வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்பதே தோட்டத்து விதி. நுவரெலியாவில் பிறந்து, இங்கே கொழுந்து பறித்து, பேரப்பிள்ளையும் பார்த்துவிட்ட ஒரு பாட்டிக்கு, 'இது என் வீடு' என்று சொல்ல ஒரு தாள் இல்லை. 2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தரும் முடிவு வந்தபோது, லயன்களில் கிளம்பிய பயம் இதனால்தான். காட்டுக்கு நிலம் வேண்டும் என்பதும் நியாயம். அந்தக் காட்டைத் தோட்டமாக்க அழைத்து வரப்பட்டவர்களுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதும் நியாயம். ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு தர அரசு திட்டங்களை அறிவித்தது. சாவி கையில் வரும்வரை கவலை கவலைதான்.

வார இறுதிக்கு ஒரு வீடு தேடும் நாமும், வாழ்நாளுக்கு ஒரு வீடு தேடும் அவர்களும் கேட்பது அதே மலையின் அதே மண்ணைத்தான்.

இன்னொரு குடியிருப்பாளரும் உண்டு

முதுமலை, வயநாடு, நிலம்பூர் காடுகளுக்கு நடுவே இருக்கிறது இந்தப் பகுதி. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் யானைக்கு, நடுவில் இருக்கும் தேயிலைத் தோட்டம்தான் பாதை. மூன்று பேர் உயிரிழந்த பிறகு, 'சங்கர்' என்று அழைக்கப்பட்ட யானையை 2021 பிப்ரவரியில் சேரம்பாடி பகுதியில்தான் பிடித்தார்கள். அரிசி தேடி வீடுகளை உடைத்த 'புல்லட் ராஜா' பிடிபட்டது 2024 டிசம்பரில். மாலை மங்கியதும் டூ-வீலரில் தனியாகப் போகாதீர்கள் என்று ஊர்க்காரர்கள் சொன்னால், தயவுசெய்து கேளுங்கள்.

அடுத்தது மழை. தென்மேற்குப் பருவமழைக் காலத்து வானிலை அறிக்கையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடங்களில் தேவாலா, பந்தலூர், சேரங்கோடு பெயர்கள் அடிக்கடி வரும். 2024 ஜூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு விழுங்கிய முண்டக்கையும் சூரல்மலையும், எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் மேப்பாடி மலைகளில்தான். சரிவை வெட்டிக் கட்டிய 'வியூ பாயின்ட்' வீட்டைப் பார்க்கும்போது, இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியே தீருவேன் என்றால்...

* சர்வே நம்பரை வாங்கி, பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் நீங்களே பாருங்கள். நிலம் அரசு, வனம், ஜென்மம் வகைப்பாட்டில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சந்தேகம் இருந்தால் பந்தலூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

* 'பத்திரம் பதிவாகியிருக்கு சார்' என்பது முழுப் பதில் இல்லை. பதிவு என்பது வேறு, உரிமை என்பது வேறு. வில்லங்கச் சான்றோடு தாய்ப்பத்திரத்தையும் வாங்கி, ஜென்மம் சட்டம் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

* 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலமா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் விற்கவே மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி வேண்டும். மரம் வெட்டவும் தனி அனுமதி.

* மலைப்பகுதியில் வீடு கட்டும் விதிகள் சமவெளி போல இல்லை. மண் வெட்டும் முன்பே அனுமதி கேளுங்கள்.

* பக்கத்து வீட்டில் மின்சார மீட்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

* யானை எந்தப் பக்கம் வரும், மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை, புரோக்கரிடம் கேட்காமல் கொழுந்து பறிக்கும் அக்காக்களிடம் கேளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால், சந்தோஷமாக வாங்குங்கள். பட்டா உள்ள, வழக்கில்லாத நிலங்களும் இங்கே இருக்கத்தான் செய்கின்றன. ஒன்றிரண்டு காகிதம் இடித்தால்கூட, விட்டுவிட்டு ஒரு சுற்றுலாப் பயணியாகவே வந்து போங்கள். பருவமழை ஓய்ந்த பிறகு சேரம்பாடி கொள்ளை அழகு. உள்ளூர்த் தூள் வாங்கி, சூடாக ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, மலையை மலையாகவே விட்டுவிட்டு வரலாம். அதற்குப் பட்டா தேவையில்லை.