மூன்றாம் கட்டத்தில் ஓர் எண்

பிப்ரவரி பிறந்தால், அமெரிக்காவில் வரிக் கணக்கு தயாரிக்கும் என் மேசையில் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவங்கள் குவியும். 12ஆம் கட்டத்தில் ‘டபிள்யூ’ என்ற குறியைக் கண்டால், சம்பளத்தின் வழியே எச்எஸ்ஏ கணக்குக்குப் பணம் போயிருக்கிறது என்று பொருள். உடனே கேட்பேன்: “உங்க வீட்ல அவங்க ஆபீஸ்ல எஃப்எஸ்ஏ போட்டிருக்காங்களா?” என் வரிக்கும் மனைவியின் அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் விழிப்பார்கள்.

எச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு அமெரிக்காவில் 2004இல் வந்தது. அதில் பணம் போட, டிடக்டிபிள் (காப்பீடு ஏற்கத் தொடங்குமுன் நாமே செலுத்தும் தொகை) அதிகமுள்ள காப்பீடு வேண்டும். செலவை முதல் டாலரிலிருந்தே ஏற்கும் வேறு ஏற்பாடு இருக்கக் கூடாது. எஃப்எஸ்ஏ என்பது அலுவலகம் வழியே மருத்துவச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் கணக்கு; மனைவியின் சாதாரண எஃப்எஸ்ஏ கணவனின் மருந்துச் சீட்டையும் ஏற்கும். கணவன் அதைத் தொட்டாரா என்பது கணக்கே இல்லை. ஏற்கக்கூடும் என்பதாலேயே தகுதி போய்விடுகிறது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான எஃப்எஸ்ஏ என்றால் தொல்லையில்லை.

2025 பிப்ரவரியில் வந்த ஒருவரிடமும் இதைக் கேட்டேன். முந்தைய ஆண்டு முழுக்க மனைவிக்கு எஃப்எஸ்ஏ இருந்திருக்கிறது. இவர் எச்எஸ்ஏவில் 3,000 டாலர் போட்டிருக்கிறார். “அது தெரிஞ்சுதான் சார், போன மாசமே மொத்தத்தையும் வெளியே எடுத்துட்டேன்” என்றார் பெருமையாக. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எடுத்ததில் தவறில்லை. எடுத்த விதம்தான் தவறு. வங்கியின் தளத்தில் சாதாரணமாகப் பணம் எடுப்பதுபோல எடுத்திருந்தார். அப்படி எடுத்தால், எடுத்த பணத்தைக் காட்டி வங்கி தரும் 1099-எஸ்ஏ படிவத்தின் மூன்றாம் கட்டத்தில் 1 என்று விழும். தகுதியில்லாமல் போட்ட 3,000 எப்படியும் 2024 வருமானத்தில் சேரும். எடுத்த 3,000 மருத்துவச் செலவுக்கு இல்லை என்பதால் 2025இல் மறுபடி வருமானம். அதன்மேல் 20 சதவீதம், 600 டாலர். போதாததற்கு, உரிய முறையில் திருப்பி எடுக்காத மிகைத் தொகைக்கு 6 சதவீதம், இன்னும் 180. மிகைத் தொகை கணக்கிலேயே கிடந்தால் இந்த 6 சதவீதம் ஆண்டுதோறும் தொடரும்.

‘மிகைப் பங்களிப்பைத் திரும்பப் பெறுதல்’ என்று வங்கியில் ஒரு தனிப் படிவம் உண்டு. அதை நிரப்பினால் அந்தத் தொகை ஈட்டிய லாபத்தையும் கணக்கிட்டுச் சேர்த்து அனுப்புவார்கள். கட்டத்தில் 2 விழும். 3,000 ஒருமுறை மட்டும் 2024 வருமானத்தில் சேரும். லாபம் மட்டும் கையில் வந்த ஆண்டின் வருமானம். 20ம் இல்லை, 6ம் இல்லை.

அந்த ஆண்டுக்கான 1099 இன்னும் அச்சாகவில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம். மூன்று முறை தொலைபேசியில் மன்றாடி, படிவத்தைப் பின்னிட்டு நிரப்பிக் கொடுத்து, 1ஐ 2 ஆக்கினோம். எல்லா வங்கியும் இணங்காது. இணங்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

சம்பளப் பிரிவில் 50க்குப் பதில் 500 என்று தட்டிவிட்டால் கதை வேறு. ஆவணச் சான்று இருந்தால் நிறுவனமே வங்கியிடமிருந்து அதைத் திரும்பப் பெறலாம். இதையும் தொழிலாளியே எடுத்து முதலாளியிடம் கொடுக்கப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே, தவறு தெரிந்ததும் பணத்தில் கை வைக்காதீர்கள். முதலில் வங்கியைக் கூப்பிட்டு அந்தப் படிவத்தைக் கேளுங்கள். வரிக் கணக்கின் கெடுவான ஏப்ரல் 15 தாண்டிவிட்டதா? ரிட்டர்னைக் காலத்தில் போட்டவர்களுக்கு அக்டோபர் 15 வரை வழி இருக்கிறது.