கண்ணுக்குத் தெரியாத விரிசல்



விரிசல் என்றால் நமக்கு வார்ப்படத்தில் விழுவதுதான் நினைவுக்கு வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் அப்பாவுக்கு இருபது வருஷமாக அந்த வேலைதான். நல்ல காஸ்டிங் ஒரு பக்கம், ரிஜெக்ட் ஒரு பக்கம். ஆனால் உயிருள்ள செல்லில் விழும் விரிசலைப் பற்றி நான் தேடிப் படிக்கக் காரணம் என் பெரியம்மா.

சென்ற ஆண்டு அவருக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்ததும், "கரண்ட் வைக்கப் போறாங்களாம்டா. நம்ம வீட்ல நீதான் படிக்கிறவன். இதயத்துக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவானது. 1950-களிலேயே அங்கு கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. கதிர்வீச்சு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கதிர் போகும் வழியில் ரத்தக்குழாயும் இருக்கிறதே! ஸ்வீடன், டென்மார்க் நாடுகளில் மார்பகத்துக்குக் கதிர் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களைப் பற்றிய ஆய்வு 2013-இல் வெளியானது. இதயத்தில் படும் சராசரிக் கதிர் ஒரு 'கிரே' கூடினால், பெரிய இதயநோய் வரும் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்றது அது. நூற்றுக்கு ஏழு பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை; ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்கு ஏறுகிறது.

காரணம் என்ன? ரத்தக்குழாயின் உட்பூச்சு ஒரே ஒரு செல் தடிமன்தான். கதிர் பட்டால் செல்லுக்குள் டி.என்.ஏ. அறுகிறது. சில செல்கள் சாகும். சில சாகாமலும் பெருகாமலும் கிழடு தட்டி நிற்கும். கசிவு, வீக்கம், வருஷங்கள் கழித்து அடைப்பு.

இதை ஆராய, பிரசவத்துக்குப் பின் நாம் தூக்கிப்போடும் தொப்புள்கொடியிலிருந்து செல் எடுத்து வளர்க்கிறார்கள்! 1973 முதல் இருந்து வரும் வழி இது. அறுந்த இடத்தைக் காட்டும் சாயமேற்றினால் மைக்ரோஸ்கோப்பில் புள்ளிபுள்ளியாக மின்னும். ஆயிரக்கணக்கான செல்களில் அதை யார் எண்ணுவது?

அங்கேதான் மெஷின் லேர்னிங் வருகிறது. புதுசாகச் சேரும் பையனுக்கு அப்பா விதி சொல்லித் தருவதில்லை. நல்லதில் பத்து, ரிஜெக்டில் பத்து கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். கம்ப்யூட்டருக்கும் அதே பாடம்தான். நிபுணர்கள் குறித்துக் கொடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அது பழகுகிறது. ஆனால் ஒரே மைக்ரோஸ்கோப்பின் படங்களில் பழகியது, வேறொன்றின் படத்தில் தடுமாறலாம். கொடுக்கும் மாதிரி சரியாக இருக்க வேண்டும்.

பெரியம்மாவிடம், "மூச்சை இழுத்துப் பிடிச்சா இதயம் கொஞ்சம் விலகுமாம். அப்போ மட்டும் கதிர் விடுற முறை இருக்கு, டாக்டரைக் கேளுங்க" என்றேன். கேட்டார். பயம் தெளிந்து, ஒரு நாளும் தவறாமல் போய் சிகிச்சையை முடித்தார்.

நண்பர்களே, இது டாக்டர்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். கதிர்க் கருவியைப் பிசகாமல் ஓடவைக்கவும், மைக்ரோஸ்கோப் கேமராவைச் சரிபார்க்கவும், புரோகிராம் எழுதவும் ஆள் வேண்டும். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று நாம் படிப்பது வேறென்ன? ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வொர்க்‌ஷாப்பில் ஜாப் போகும். அங்கே பிசகினால் ஒரு வீட்டின் பெரியம்மா!