காரையில் கடல்

"என்ன தம்பி தேடுற?" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா.

"கடலத் தேடுறேன் ஆயா."

"கடலயா? அது கொல்லையிலல்ல கெடக்கும். இங்க ஏது?"

ஆயா சொன்னது சரிதான். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் நான் நின்ற இடத்தில் புல் முளைப்பதே அருமை. எங்கு பார்த்தாலும் மழை அறுத்துப்போட்ட பள்ளமும் களிமண் மேடும். ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. காலடியில் கிடந்தது சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடிச் சேறு. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது கிழக்கு விளிம்பு தாழ்ந்தது. பின்னால் கடல் உள்ளே ஏறியது.

கடல் என்றதும் நமக்கு அலையும் மணலும்தான் நினைவுக்கு வரும். இந்த மேடுகளிலோ மணலைத் தேடத்தான் வேண்டும். மணலுக்குக் கனம் அதிகம், கரையோரமே தங்கிவிடும். விரலில் ஒட்டுகிற மாவு போன்ற களிதான் தொலைவு போய், அலை அசைக்காத ஆழத்தில் மெல்ல மெல்ல இறங்கும். பசிபிக்கின் பாதாளம் அளவுக்கு இல்லை. ஆனால் மெரினாவில் கால் நனைக்கும் கடலும் இல்லை.

வெயிலில் கண்ணாடித் தூளாய் மின்னியதைக் கடல் வற்றிப் பூத்த உப்பு என்று நினைத்தேன். அது ஜிப்சம், களிமண் வெடிப்புகளில் பிற்காலத்தில் படிந்தது. அதன் நடுவே விரல் நீளத்தில் ஒரு கல் கிடைத்தது. பெலம்னைட்: கணவாயின் அழிந்துபோன உறவுக்காரன், உடம்புக்குள் இருந்த கூர்மையான பகுதி மட்டும் கல்லாகி நிற்கிறது. ஆயா கையில் கொடுத்தேன். "பலப்பமாட்டம் இருக்கு" என்றார். இதைவிட நல்ல வருணனையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

பக்கத்துச் சாத்தனூரில், கடலில் மூழ்கிக் கல்லான 18 மீட்டர் மரத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள். இந்தப் பகுதிப் பாறைகளைப் பற்றிப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இலேயே எழுதிவைத்தார். மொராவியாவில் பிறந்த தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பி, நத்தை, சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளுக்கே தொகுதி தொகுதியாக எழுதினார். திருச்சியில் படித்த எனக்கோ பள்ளியில் டைனோசர் படம்தான் காட்டினார்கள்.

பலப்பத்தை எடுத்த இடத்திலேயே போட்டேன். நீங்கள் போனாலும் போட்டுவிட்டு வாருங்கள். மழை கரைத்துக்கொண்டு போவதே போதும். அந்தச் சேறு மருதையாறு, கொள்ளிடம் வழியாக மறுபடி கடலுக்குத்தான் போகிறது.