கொடுக்கணும்

ஆங்கிலத்தில் கடனுக்கென்றே ‘ஓவ்’ என்று ஒரு வினை இருக்கிறது. பூர்வீகத்தில் அதற்கு ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’ என்று பொருள். ‘ஓன்’ என்பதும் அதே வேர்தான். கையிலிருப்பது பிறருடையது என்கிற எண்ணம் அதில் எப்போதோ புகுந்துவிட்டது. அதன் பழைய இறந்தகால வடிவம் ‘ஆட்’ என்று தனியே பிரிந்து வந்து இன்று அறவுரை சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் இப்படி ஒரு தனி வினை இல்லை. அதில் நஷ்டம் ஏதுமில்லை என்பது என் கட்சி.

நாம் கடன் ‘படுகிறோம்’, துன்பப்படுவது, வெட்கப்படுவது போல. ஆனால் இது எழுத்துத் தமிழ். வாங்கியவன் எவனும் கடன்பட்டேன் என்று வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கவிதைத் தொகுப்புகளின் முன்னுரையில்தான் பதிப்பாளருக்கும் அட்டை ஓவியருக்கும் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறார்கள். பட்டதற்கான தடயம் எதுவும் அங்கே தெரிவதில்லை. ‘கடன்காரன்’ இன்னும் விசித்திரம். கொடுத்தவனும் அவன்தான், வாங்கியவனும் அவன்தான்.

பேச்சில் உயிரோடிருப்பது ‘கொடுக்கணும்’. அவனுக்கு ஐநூறு கொடுக்கணும். இதிலுள்ள ‘வேண்டும்’ காபி வேண்டும், மழை வேண்டும் என்கிற அதே வேண்டும்தான். கோயிலில் வேண்டிக்கொள்வதும் அதுவே. வேண்டியவர் என்றால் நெருங்கியவர். விருப்பத்துக்கும் நிர்ப்பந்தத்துக்கும் ஒரே சொல் என்பது சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. அதோடு இந்தச் சொல் திணை, பால், எண், இடம் எதற்கும் வளைந்து கொடுப்பதில்லை. நானோ நீயோ அவர்களோ, யாராயிருந்தாலும் கொடுக்கணும்தான்.

நான் வேலை பார்க்கும் கிளைக்கு, அறுவடை முடிந்த சமயம், ஒரு அம்மாள் வந்தார். கணவர் வாங்கிய பயிர்க்கடன். அவர் இறந்து ஆறு வருஷம். 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது கடனை ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. கணக்கையும் தள்ளுபடி செய்தாயிற்று. “இதுக்கு இனிமே பேங்க் கோர்ட்டுக்குப் போக முடியாதும்மா” என்றேன்.

“கேக்க முடியாதுன்னு சொல்லுங்க தம்பி. அவரு குடுக்கணும்ல.”

செத்தவரைப் பற்றிக் ‘கொடுப்பார்’ என்று சொல்ல முடியாது. ‘கொடுத்திருக்கணும்’ என்றால் முடிந்துபோன குறை. ‘குடுக்கணும்’ ஒன்றுதான் அவரை இன்னும் ஆளாக வைத்திருக்கிறது. சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. காலம் கடந்தால் போவது வழக்கிடும் வழி மட்டுமே, கடன் அழிவதில்லை. காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்கு செல்லும் என்கிறது 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். வக்கீல்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற பேதத்தை அந்த அம்மாள் ஒரு ‘ல’வில் முடித்துவிட்டார்.

அன்று இரண்டாயிரம் கட்டினார். செலானில் செலுத்துபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுத விடவில்லை. கணவர் பெயரைத்தான் எழுதச் சொன்னார். மீதி அடுத்த போகத்துக்கு.